சொன்னால் போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம்

கேள்வி:

என் மகளுக்கு 13 வயது, தரம் 8 படிக்கிறாள். மகனுக்கு 9 வயது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த என் தம்பி, மகளுக்கு ஒரு ஐபோன் கொடுத்துவிட்டுப் போனான். படிப்புக்கு உதவும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு கிழமைக்கு முன் அவள் நித்திரையான பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். பிறந்த ஆண்டை 2003 என்று போட்டு இன்ஸ்டாகிராம் கணக்குத் திறந்திருக்கிறாள். ரொறன்ரோவில் இருக்கும் 15 வயதுப் பெண் என்று சொல்லிக்கொள்ளும் யாரோ ஒருவருடன் இரண்டு மாதமாகக் கதைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடையில் ஒரு படமும் அனுப்பியிருக்கிறாள். பிறகு உடுப்பு மாற்றும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டிருக்கிறது அந்த ஆள். இவள் ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பாமல் விட்டிருக்கிறாள். 'அம்மாவிடம் சொல்லாதே' என்றும் எழுதியிருந்தது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு தோழியின் படத்தைக் கேலி ஸ்டிக்கராக்கிப் போட்டிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. அடித்துவிட்டேன். அந்த ஆளை ப்ளொக் செய்து, போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். செய்திகளை இன்னும் அழிக்கவில்லை. கணவரும் கோல் எடுத்து ஏசினார். மகள் இப்போது என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. போன வருடம்தான் சாமத்தியவீட்டை எவ்வளவு ஆசையாகச் செய்து பேஸ்புக்கில் எல்லாம் போட்டோம், இப்படி ஒரு பேர் வந்தால் என்ன செய்வது? ஓ.எல். பரீட்சை முடியும்வரை போனே வேண்டாம் என்று வைக்கலாமா?

ஒரு தாய், கொக்குவில்

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்று தடவை கேட்டும் மகள் சாட்டுச் சொல்லி அனுப்பாமல் விட்டாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, இரவு நேரத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், இனிக்க இனிக்கக் கதைக்கிற ஒருவரை மூன்று தரம் தட்டிக் கழித்திருக்கிறாள். காய்ச்சல் என்றாளோ, தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்றாளோ, அது அவள் தன்னைக் காத்துக்கொண்ட விதம். ஏதோ சரியில்லை என்று அவள் மனதுக்குப் பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் எழுந்து உங்கள் அறைக்கு வந்து 'அம்மா, இந்த ஆள் இப்படிக் கேட்கிறது' என்று சொல்லியிருக்கலாம். ஏன் வரவில்லை என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நீங்கள் அடித்ததற்கு உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. உளவளத்துணையாளராக இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அந்த இரவில் பயத்தால் கை ஓங்காத தாயை நான் அதிகம் காணவில்லை. ஆனால் பிள்ளைக்கு அந்தப் பயம் தெரியாது, கோபம் மட்டும்தான் தெரியும். அதைச் சரிசெய்யலாம். இரண்டு கிழமை ஒன்றும் பெரிய காலமில்லை.

முதலில் அவசரமான காரியம். செய்திகளை அழிக்காமல் விட்டது மிக நல்லது. இனியும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அல்லது உங்கள் போனால் அந்தத் திரையைப் படம் பிடியுங்கள். அந்த ஆளின் கணக்குப் பெயர், திகதி, நேரம், கேட்ட வார்த்தைகள் எல்லாம் தெரிய வேண்டும். அதன் பிறகு இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே அந்தக் கணக்கை முறைப்பாடு செய்யுங்கள். ப்ளொக் செய்தால் உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் கதவு சாத்தப்படும். அந்த ஆள் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு பிள்ளையிடம் போவதை அது தடுக்காது. முறைப்பாடு செய்தது யார் என்று அந்த ஆளுக்குக் காட்டமாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

பிறகு 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். கணக்கை நீக்குவது போன்ற தொழில்நுட்ப உதவிக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் இருக்கிறது. நேரில் போய்க் கதைக்க விரும்பினால் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸ் நிலையத்துக்குப் போவதானால் அங்கே சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள்.

பேர் கெட்டுவிடும் என்று யோசிப்பீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லி வளர்ந்தவர்கள்தானே. எங்கள் ஊரில் குடும்பங்கள் வாய் திறக்காது என்பது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தத் துணிவில்தான் எங்கள் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தம்பியோ மச்சானோ 'நான் பிள்ளை மாதிரி எழுதி ஆளைப் பிடிக்கிறேன்' என்று வெளிக்கிட்டால் விடாதீர்கள். ஆளும் தப்பிவிடும், சாட்சியும் குழம்பிவிடும்.

இந்த ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது முக்கியம், அதை மகளுக்கும் சொல்லலாம். அவர்கள் முதல் நாளே அசிங்கமாகக் கதைக்கமாட்டார்கள். படத்துக்கு லைக் போடுவார்கள். 'நீ வடிவு', 'எனக்குத்தான் உன்னை விளங்கும்' என்பார்கள். பரீட்சை எப்படி, அம்மா ஏசினாரா என்று அக்கறையாகக் கேட்பார்கள். இந்த வயதில் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்விகள் அவை. பிறகு வேறு செயலிக்கு வரச் சொல்லுவார்கள். ஒரு சின்ன ரகசியத்தைப் பங்குபோடுவார்கள். முதலில் சாதாரணப் படம், பிறகு கொஞ்சம் கூட, அதன் பிறகு 'அனுப்பாவிட்டால் முதல் படத்தை உன் பள்ளிக்கு அனுப்புவேன்' என்ற மிரட்டல். இடையில் எங்கேயோ 'அம்மாவிடம் சொல்லாதே' வரும். மகளுக்கு வேறு எதுவும் ஞாபகம் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்: அம்மாவுக்கு மறைக்கச் சொல்கிற எவரும், பெரியவரோ சின்னவரோ, ஆணோ பெண்ணோ, நல்லதுக்காகச் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓ.எல். எழுத இருந்த ஒரு பையனை அவனுடைய ஆசிரியை என்னிடம் கூட்டி வந்தார். அவனையும் இப்படித்தான் ஒரு 'பெண்' பிடித்து, படம் வாங்கி, பிறகு காசு கேட்டு மிரட்டியிருக்கிறது. ரியூசன் காசு முழுவதும் போய்விட்டது. கொடுக்கக் கொடுக்க அந்த ஆள் கூடக் கேட்டிருக்கிறது. (காசு பறிக்கும் இந்த மோசடியில் அகப்படுவோர் பெரும்பாலும் 14 முதல் 17 வயது ஆண்பிள்ளைகள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே எச்சரித்திருக்கிறது. பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கு மகனும் இருக்கிறான்.) ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். 'அப்பா போனை உடைச்சுப் போடுவார் மிஸ்' என்றான். மிரட்டுகிற ஆளைவிட அப்பாவுக்குத்தான் அவன் கூடப் பயந்திருக்கிறான். அந்த வசனத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெற்றோர் வந்தாலும் நான் முதலில் கேட்பது, 'பிள்ளை வந்து சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்பதைத்தான்.

ஆகவே ஓ.எல். வரைக்கும் போனே வேண்டாம் என்று வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. 2020இல் பள்ளிகள் மூடிய நாளிலிருந்து வகுப்புக் குழு, சூம், கடந்தகால வினாத்தாள் எல்லாம் போனுக்குள் போய்விட்டன. நீங்கள் பூட்டினால் தோழியின் போனில் பார்ப்பாள், அதை நீங்கள் காணவே மாட்டீர்கள். எல்லாவற்றையும்விட, இந்தப் பூட்டு அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றைத்தான்: அம்மாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும், ஆகவே அடுத்த தரம் கவனமாக மறைக்க வேண்டும்.

சரி, அவளோடு எப்படிக் கதைப்பது? எதிரே இருத்தி வைத்து 'உன்னோடு கதைக்க வேண்டும்' என்று தொடங்காதீர்கள். பிள்ளை விசாரணைக் கூண்டில் நிற்பது போல நிற்பாள். காலையில் தலை இழுத்துவிடுகிற நேரம் நல்லது, உங்கள் முகத்தை அவள் பார்க்கத் தேவையில்லை. ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற நேரமும் நல்லது. நீட்டி முழக்க வேண்டாம். 'பிள்ளை, அண்டைக்கு அம்மா பயந்துபோனன். அதுதான் அடிச்சுப்போட்டன், அது பிழை. அந்த ஆள் கேட்டும் நீ அனுப்பேல்லை. அது பெரிய விஷயம். அந்த ஆள் செய்தது குற்றம், நீ செய்தது குற்றமில்லை.' அவ்வளவும் போதும். அவள் பதில் சொல்லாவிட்டால் விடுங்கள். பின்னலை முடித்துவிட்டுப் போங்கள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு மூன்று நாள் போக அந்த வாக்கைக் கொடுங்கள்: 'இன்ரநெற்றில என்ன நடந்தாலும், நீயே பிழை விட்டிருந்தாலும், என்னட்ட வந்து சொன்னால் அதுக்காகப் போனைப் பறிக்க மாட்டன், அடிக்க மாட்டன்.' சொல்வது சுகம். ஒரு நாள் அவள் உண்மையிலேயே வந்து நெஞ்சு பதறுகிற ஒன்றைச் சொல்லுவாள், அப்போது காப்பாற்ற வேண்டும். கணவருக்கும் இதை விளக்குங்கள். தூரத்தில் இருக்கிற தகப்பனுக்கு ஏசுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் போகிறது, பாவம். அவர் அடுத்த கோலில் மகளோடு இந்தக் கதையை எடுக்காமல் அவள் சித்திர பாடத்தில் என்ன வரைகிறாள் என்று கேட்டாலே பாதி வேலை முடியும். சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் இது ஒரு வரிகூட வரக்கூடாது.

அடுத்தது வயது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ரிக்ரொக் எல்லாம் 13 வயது என்று வைத்திருப்பது அந்த வயதில் பிள்ளை முதிர்ந்துவிடும் என்பதற்காக இல்லை. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரிக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம்தான் காரணம். ஆகவே '13 ஆகிவிட்டது, இனிப் பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் மகளின் விஷயத்தில் பிறந்த ஆண்டை 2003 என்று போட்டது பெரிய கெடுதல். இன்ஸ்டாகிராம் 2024இல் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், அவள் பின்தொடராதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புச் சத்தம் வராது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ரிக்ரொக்கிலும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிச்செய்தி வசதி கிடையாது. 2003 என்று போட்டால் செயலி அவளை இருபது வயது தாண்டியவளாகவே நினைக்கும், இந்த வேலிகள் ஒன்றும் அவளுக்கு இருக்காது. முறைப்பாடு எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டு, சரியான வயதைப் போட்டு இருவரும் சேர்ந்து புதிதாகத் திறவுங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே சொன்னால் இன்னும் நல்லது.

ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்று இருக்கிறது. அதில் நேரக் கட்டுப்பாடு வைத்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த இலக்கத்தால் பூட்டலாம். மகளுக்குத் தெரிந்தே செய்யுங்கள், களவாகச் செய்ய வேண்டாம். இனி அவள் நித்திரையான பிறகு போனைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டுமென்றால் 'சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். இரவில் எல்லாப் போனும் ஹோலில்தான் சார்ஜ் ஏற வேண்டும். உங்களுடையதும்தான். கணவர் வேலை முடிந்து எடுக்கும்போது இங்கே இரண்டரை மணித்தியாலம் கூட, பத்தரை ஆகிவிடும் என்பது தெரியும். ஹோலில் இருந்து கதையுங்கள், கதைத்து முடித்துவிட்டு அங்கேயே வையுங்கள். மகனுக்கு இப்போதைக்குச் சொந்தப் போன் வேண்டாம். உங்கள் போனில் அவன் விளையாடும் விளையாட்டில் முன்பின் தெரியாதவர்கள் கதைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். யூரியூப்பை அறைக்குள் கொண்டுபோகாமல் ஹோலில் பார்க்கட்டும். ஒன்பது வயதுக்கு இது போதும்.

மகள் அனுப்பிய சீருடைப் படத்தைப் பற்றி. அது ஆபாசப் படம் இல்லை, ஆனால் அதில் நிறைய இருக்கிறது. இதை ஏசாமல் ஒரு விளையாட்டாகச் செய்யலாம். அந்தப் படத்தை இருவரும் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு இது என்னென்ன சொல்லும் என்று எண்ணுங்கள். எங்கள் ஊரில் கழுத்துப்பட்டியைப் பார்த்தாலே எந்தப் பள்ளி என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். பின்னால் கோயில் கோபுரம் தெரிகிறதா? ஸ்கூட்டியின் இலக்கத்தகடு? ரியூசன் பையில் நிலையத்தின் பெயர்? ஒரு படத்தில் ஆறு ஏழு விஷயம் சேர்ந்துவிட்டால், எத்தனை மணிக்கு எந்தப் படலையில் பிள்ளை நிற்பாள் என்று கணக்குப் பார்க்கலாம். நான் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் எங்களைவிடக் கெதியாகக் கண்டுபிடிப்பார்கள். ஒரு தடவை தாங்களே கண்டுபிடித்த பிறகு படம் போடும்போது கை கொஞ்சம் நின்று யோசிக்கும்.

அப்படியும் எங்காவது எந்தப் பிள்ளையின் அந்தரங்கப் படமாவது போய்விட்டால், எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம், ரிக்ரொக் போன்றவை அந்தப் படத்தைத் தேடி நீக்கும். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படியான படத்தை எடுப்பதும் பகிர்வதும் குற்றம். பகிடிக்கு ஃபோவேர்ட் செய்கிற வகுப்புத் தோழனும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டிவரும், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்டிக்கர் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுவும் சின்ன விஷயமாகப் படவில்லை. உங்கள் மகள் ஒருவரிடம் அகப்பட்ட அதே இரண்டு மாதத்தில் இன்னொரு பிள்ளையை அழவும் வைத்திருக்கலாம். பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் நிற்பார்கள். அவளுக்குத் தண்டனை வேண்டாம், ஆனால் குழுவில் அதை அழித்துவிட்டு அந்தத் தோழியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் அவளுக்காகப் போய்க் கேட்கக்கூடாது. 'அவளின்ர படத்தை எடுக்க முதல் அவளைக் கேட்டனியே?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

அந்தக் கேள்வியை மகள் உங்களிடமே திருப்பிக் கேட்கக்கூடும். சாமத்தியவீட்டுப் படங்களைப் பேஸ்புக்கில் போட முதல் அவளைக் கேட்டீர்களா? தண்ணீர் வார்த்த படம், ஈரச் சேலையோடு நிற்கிற படம், வாழ்த்துப் பலகையில் பெயர், திகதி, வீட்டு வாசல், எல்லாம் ஊருக்கும் உலகத்துக்கும் திறந்து கிடக்கின்றன. ஆசையில் செய்தது, கனடா, லண்டன் சொந்தங்கள் பார்க்க வேண்டும் என்று செய்தது, எனக்கு விளங்கும். ஆனால் ரொறன்ரோக்காரி என்று சொன்ன அந்த ஆளுக்கு உங்கள் குடும்பத்துக்குக் கனடாவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எங்கிருந்து தெரிந்திருக்கும்? அது தற்செயலாகவும் இருக்கலாம். அந்த ஆல்பத்தின் கீழே மாமாமார் எழுதிய வாழ்த்துகளை ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து போனை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க முதல் உங்கள் போனை எடுத்து, அந்த ஆல்பத்தைத் திறந்து, அவளைப் பக்கத்தில் இருத்தி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்பதை அவள் கண் முன்னாலேயே நீக்குங்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்த படமாக இருந்தாலும். மிஞ்சியதைச் சொந்தக்காரர் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். வீடியோ எடுத்தவர்களும் தங்கள் விளம்பரத்துக்கு அதைப் போட்டிருப்பார்கள், அநேகமாகப் போடுவார்கள். அவர்களுக்குக் கோல் எடுத்து நீக்கச் சொல்லுங்கள். அந்தக் கோலை மகளுக்குக் கேட்கக்கூடியதாக, அவள் பக்கத்தில் இருக்கும்போதே எடுங்கள்.